சூடு தெரியாத வயிறு

பிலோமினம்மாள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய ஒரே தம்பி சிலுவைராஜைக் கட்டி வந்தவள். அறுபத்துமூன்றாம் வருஷம் ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது இருபது வயது. தாய் இல்லாத பெண். அவள் தாயார் ஞானப்பூ அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ரேஸ் கோர்ஸ் ரோட்டு மாடி அறையில் வயிறு ஊதிச் செத்துப்போனார். ஒரே கோயில்காரர்கள் என்பதால் அந்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். கையும் காலும் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் நிறைமாதக்காரிக்கு இருப்பதுபோல் பளபளவென்று இருந்தது. முதலில் வலது பக்கம் சின்னதாக ஒரு மேடு, அப்புறம் முழு வயிறு. உள்ளே கட்டி என்று கடைசியில்தான் சொன்னார்கள். அந்த வயிற்றைத் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டது பதினெட்டு வயது பிலோமிதான்.

பிலோமி பிற்பாடு செய்த காரியங்களைக் கேட்கிறவர்கள் இவள் என்ன பைத்தியக்காரியா என்று கேட்பார்கள். அந்த வயிற்றைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள்.

மற்றபடி அவள் வாயாடி. மார்சிலிங்கில் பத்தாவது மாடி வீடு. சாங்கியில் விமான நிலையம் திறந்த வருஷமே அங்கே விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடியற்காலை கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். “ஆகாயத்துல போறவனுக்கெல்லாம் சோறு போடுறவ நான்தான், ஆனா நான் இன்னும் உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டல” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே அக்கரை நாட்டுக்குப் போகிற பாலம் அது.

எண்பத்துநாலில் இடது மார்பில் கட்டி வந்து, அந்த மார்பை எடுத்தார்கள். அழவில்லை. பஞ்சு அடைத்த ஒரு துணிப்பையை உள்ளே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிட்டு எழுந்தபோது அந்தப் பை நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டு, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்காமலே கோயிலை விட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்ன புது ஆப்பரேஷனுக்குச் சரி என்றாள்.

அடிவயிற்றுச் சதையையும் அதோடு ஒட்டிய தசைப்பட்டை ஒன்றையும், ரத்தக்குழாய் அறுபடாமல் தோலுக்கு அடியிலேயே மேலே இழுத்து மார்பாக வைத்துத் தைப்பார்களாம். “வேண்டாமே” என்றேன். அவளோ சிரித்தாள்.

“வயித்துல வாடகை குடுக்காம குந்தியிருக்குற சதைதானேக்கா? மேல் வீட்டுக்கு அனுப்புறாங்க. இனிமேலாவது வேலை செய்யட்டும்லா.”

எண்பத்தேழு மார்ச் மாதம் ஆப்பரேஷன். காலையில் உள்ளே போனவள் சாயங்காலம்தான் வெளியே வந்தாள். ஒரு இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை வயிற்றில் தையல். ஒரு மாதம் கூனிக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது அகலமான ரப்பர்க் கச்சை ஒன்றும், ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் ஒன்றும் கொடுத்தார்கள். சிலுவைராஜ் காகிதத்தைப் பார்த்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபது வருஷம் வேலை செய்தவன், ஆங்கிலம் தட்டித்தடவி வாசிப்பான். “கனம் தூக்கக் கூடாதாம்” என்றான். காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, அரிசிப் பை, தண்ணீர் வாளி எல்லாவற்றையும் அவனே தூக்க ஆரம்பித்தான். அதற்குக் கீழே இருந்த வரிகளை யாரும் வாசிக்கவில்லை.

மார்பு நன்றாகத்தான் வந்தது. ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டு, ரவிக்கை போட்டுக்காட்டி, “எது அசல் எது நகல், சொல்லுங்க பாப்போம்” என்றாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்த கடைசி நாள் அது.

ஜூலைக்கு மேல் ஆள் மாறிவிட்டாள். முன்பெல்லாம் தேக்கா சந்தைக்குச் சாமான் வாங்க வந்தால் பஃபலோ ரோட்டில் என் வீட்டில் ஏறிச் சாப்பிடாமல் போகமாட்டாள். அதற்குப் பிறகு ஏறுவதே இல்லை. ஏறினாலும் ஒரு வாய் கஞ்சியோடு எழுந்துவிடுவாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. மாதாகோயில் திருவிழா விருந்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரித் தேதியைக் கேட்டால், “டாக்டர் லீவுல போயிருக்காங்க, தள்ளி வச்சுட்டாங்க” என்றாள்.

செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் நான் மார்சிலிங் போனேன். சிலுவைராஜ் வேலைக்குப் போயிருந்தான். மகன் எட்மண்ட் கட்டாயப் பட்டாளச் சேவைக்காக ராணுவ முகாமில் இருந்தான். வீட்டில் இவள் ஒருத்திதான். கதவைத் திறந்தவள் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கச்சையைக் கழற்றினாள். அதற்கு அடியில் பழைய வேட்டியைக் கிழித்து ஏழெட்டுச் சுற்று இறுக்கிக் கட்டியிருந்தாள். அதையும் அவிழ்த்தாள்.

“இருமப் போறேன். பாருங்க” என்றாள்.

இருமினாள். தொப்புளுக்குக் கீழே வலது பக்கம், உள்ளிருந்து யாரோ முஷ்டியால் முட்டியதுபோல் ஒரு மேடு எழும்பி நின்றது.

எனக்கு ஞானப்பூ அம்மாள்தான் கண்முன்னால் வந்தார்கள். பிலோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கும் வலது பக்கந்தான் ஆரம்பிச்சுச்சு” என்றாள். “சாப்பிட்டா பெருசாவுது. அதனால சாப்பிடுறதில்ல.”

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கத்தை நூல் எடுத்துக் காட்டினாள். சனிக்கிழமைதோறும் வயிற்றைச் சுற்றி ஒரு நூல் வைத்து அறுத்து வைத்திருக்கிறாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கட்டிலில் பரப்பினாள். கடைசி நூல் மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம். சாப்பிடாமல் இளைத்த உடம்பில் வயிறு மட்டும் பெருத்திருந்தது.

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினா நோய்க்குப் பேர் சொல்லிருவாங்கக்கா. பேர் சொன்னதுக்கப்புறம் அம்மா நாலு மாசந்தான் இருந்தாங்க. எட்மண்டுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு பட்டாளத்துல. அவன் வெளிய வர்ற வரைக்கும் யாரும் பேர் சொல்லாம இருந்தாப் போதும்.”

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துவிடும். எனக்கு அதிகாரம் வந்துவிடும்.

“கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றேன். “இது பச்சை வயிறுடி. பிள்ளை எடுக்குற மாதிரி குறுக்கால வெட்டியிருக்காங்க. பிள்ளை பெத்தவளுக்கு நாப்பது நாள் துணி கட்டி, உருவி, கல் ஒத்தடம் குடுக்கிறமா இல்லையா? உனக்கு எவ குடுத்தா? ரப்பரை மாட்டி அனுப்பிட்டாங்க. காத்து பூந்து வயிறு தளர்ந்து போச்சு.”

எட்மண்டைப் பெற்றபோது அவளுக்கு ஒத்தடம் கொடுத்தது நான்தான். அடுத்த பிளாக்கில் ரொகாயா என்ற மலாய்க்கார மருத்துவச்சி இருந்தார். பிரசவமான பெண்களுக்கு எண்ணெய் போட்டு உருவி, நீளத்துணியால் வயிற்றைக் கட்டிவிடுவார். போய் அழைத்து வந்தேன். அந்த அம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். தழும்பைப் பார்த்தார், விரலால் மேட்டைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார்.

“தா போலே” என்றார். முடியாது என்று அர்த்தம். “இது பிள்ளை பெத்த வயிறு இல்ல. உள்ள ஏதோ இல்லாம இருக்கு. நான் தொடமாட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்று மலாயில் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது மறுபடியும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னதை உடனே கேட்டிருக்க வேண்டும். “அவுங்களுக்கு வயசாயிருச்சு, கை நடுங்குது” என்று பிலோமியிடம் சொல்லிவிட்டு, நானே மறுநாள் கிளம்பினேன். தேக்காவில் நொச்சி இலை வாங்கினேன். என்னிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருங்கல் உண்டு. அதை எடுத்துக்கொண்டு மார்சிலிங் போய், அடுப்பில் காய வைத்து, இலை போட்டு, துண்டில் சுற்றி, என் முன்கையில் வைத்துப் பார்த்தேன். தாங்குகிற சூடுதான். அவள் வயிற்றில் வைத்தேன்.

எங்களுக்கு இதற்கெல்லாம் கடிகாரம் கிடையாது. ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லி முடிந்தால் கல்லை எடுத்துவிட வேண்டும். அதற்குள் சூடு தாங்காமல் படுத்திருப்பவர்களே எடு எடு என்பார்கள். நாங்கள் இருவரும் சொல்ல ஆரம்பித்தோம். பத்து முடிந்தது. எடுக்கப் போனேன்.

“சூடே தெரியலக்கா” என்றாள். “ஆறிப்போச்சு போல. நல்லா காய வச்சுக் கொண்டாங்க.”

துண்டில் ஒரு மடிப்பைக் குறைத்தேன். மறுபடி காய வைத்தேன். “இன்னும் தெரியல. இருக்கட்டும், எடுக்காதீங்க” என்றாள். அவள் முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு நம்பிக்கை. ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணி மந்திரத்தையும் முழுசாகச் சொல்லி முடித்தோம். கல் அங்கேயே இருந்தது.

எடுத்தபோது வெந்த இலை வாசனை வந்தது. இலை என்றுதான் நினைத்தேன். துணியை விலக்கினேன். தோல் வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் கொப்புளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொப்புளம் பெரிதாகி இன்னொன்றோடு சேர்ந்தது.

“என்னக்கா?”

மறுபடி துணியால் மூடப் போனேன். அவளே தலையைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் தொட்டாள். கொப்புளம் உடைந்து தண்ணீர் வழிந்தது. அப்போதும் அவள் முகம் சுளிக்கவில்லை.

“எரியலையே” என்றாள். “அக்கா, எரியணும்ல? ஏன் எரியல?”

அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் எழுதிக்காட்ட முடியாது. தனக்கு வலித்தால் ஒருத்தி கத்துவாள். வலிக்காததற்காக அவள் கத்தினாள். “செத்துப்போச்சுக்கா. வயிறு முன்னாடியே செத்துப்போச்சு. மேல மட்டுந்தான் நான் உசுரோட இருக்கேன்!”

சிலுவைராஜ் நாலரை மணிக்கு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

“மூணு மாசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் திட்டவில்லை. சமையலறைக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த காகிதத்தைப் பிய்த்தெடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான். கடைசிக்கு முந்தின வரியில் நின்றான்.

“மதினி” என்றான். “அடிவயித்துல தோலுக்கு உணர்ச்சி இருக்காதாம். ரொம்ப நாளைக்கு. சுடுதண்ணிப் பை, சூடான பொருள் எதையும் மேல வைக்கக் கூடாதாம். எழுதியிருக்கு. இங்கதான் ஒட்டியிருந்துச்சு.”

 அவன் கீழே போய் டாக்சி பிடித்து வந்தான்.

டாக்சியில் அவளுக்கு நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்.  புக்கிட் தீமா தாண்டும்போது என் காதோடு சொன்னாள்: “கட்டின்னு சொன்னாங்கன்னா இங்கிலீஷ்ல என்கிட்ட சொல்ல விடாதீங்க. நீங்க தமிழ்ல சொல்லுங்க. அவருக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.” நான் தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தையை என் வாயால் சொல்ல வேண்டி வரக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

புண்ணுக்கு மருந்து போட்டுப் படுக்க வைத்தார்கள். ஆப்பரேஷன் செய்த டாக்டர் கோ மறுநாள் காலையில்தான் வந்தார். நடுத்தர வயசுச் சீனப் பெண்மணி. கூடவே சந்திரமதி என்ற நர்ஸ், நம்ம பெண். டாக்டர் கட்டை விலக்கி ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் பிலோமி என் விரல்களை முறித்துவிடுவதுபோல் பிடித்திருந்தாள். பிறகு டாக்டர் அவளைத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். மேடு எழும்பியது. தலையைக் கீழே வைக்கச் சொன்னார். அமுங்கியது. சந்திரமதியிடம் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னார்.

“அம்மா, கட்டி இல்ல” என்றாள் சந்திரமதி.

பிலோமி நம்பவில்லை. “எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. வாயுன்னு சொன்னாங்க, தண்ணின்னு சொன்னாங்க.”

“தசை எடுத்த இடத்துல வயித்துச் சுவர் மெலிஞ்சு விலகியிருக்கு. குடல் அதுவழியா முட்டுது. சில பேருக்கு இப்படி ஆகும்.”

“நீ என்னைப் பயப்படுத்தக் கூடாதுன்னு சொல்ற.”

சந்திரமதி அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிலோமியின் வலது கையை எடுத்து, புண் படாத இடமாகப் பார்த்து, அந்த மேட்டின் மேல் வைத்தார். அந்தக் காலத்து ஆட்கள் பேசுகிற கடைத்தெரு மலாயில் அவரே நேராகப் பேசினார். இருமு என்றார். இருமினாள். இப்போது அமுக்கு என்றார். அவள் பயந்து கையை இழுத்தாள். டாக்டர் விடவில்லை. அவள் விரலோடு சேர்த்துத் தன் விரலையும் வைத்து மெல்ல அமுக்கினார். குழந்தையின் வயிற்றில் கேட்பதுபோல் களக் என்று ஒரு சத்தம். மேடு உள்ளே போய்விட்டது. விரலுக்கடியில் பள்ளமும், அதைச் சுற்றி ஒரு விளிம்பும் தட்டுப்பட்டதாம்.

“கட்டியாயிருந்தா உள்ள போகாது” என்றார் டாக்டர். “போகுதா? நீயே சொல்லு.”

பிலோமி மறுபடி இருமினாள். மறுபடி அமுக்கினாள். ஐந்தாறு தடவை செய்தாள். டாக்டர் எழுந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்புறம்தான் அழுதாள். சிலுவைராஜ் வந்து நிற்க, அவன் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்து, “அமுக்குங்க. உள்ள போவுது பாருங்க, அமுக்குங்க” என்றாள். அவன் பயந்துகொண்டே அமுக்கினான்.

ஆனால் நான் வைத்த கல் வேலையைக் காட்டிவிட்டது. புண் மட்டும் இல்லையென்றால், உள்ளே வலைத்துணி வைத்துத் தைத்து இரண்டே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வெந்த புண் இருக்கும்போது வலை வைத்தால் சீழ் பிடித்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கருத்துப்போன தோலை வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஏழு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு மாதமும் ஒரு பயத்தோடுதான் அனுப்பி வைத்தார்கள். என்றைக்காவது மேடு உள்ளே போகாமல் நின்றுவிட்டால், கூடவே வலியும் வாந்தியும் வந்தால், குடல் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மற்றவர்களாயிருந்தால் அதிலேயே பாதி செத்திருப்பார்கள். இவளுக்கோ அதுவே ஆறுதலாகிவிட்டது. தினமும் காலையில் படுத்தபடி அமுக்கிப் பார்ப்பாள். வேலையிடத்தில் லேசான வேலையாகப் பார்த்துத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு மணி இடைவேளையில் சமையற்கூடத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து எனக்கு மணி அடிக்கும். “போயிருச்சுக்கா” என்பாள். “சரி” என்பேன். அவ்வளவுதான் பேச்சு. எட்டேகாலுக்கும் மணி அடிக்கவில்லை என்றால் நான் தாழ்வாரத்துக்கும் வாசலுக்குமாக நடப்பேன். “கல்லு வச்சதை நினைச்சு நீங்க அழாதீங்க, கல்லு வைக்கலன்னா நான் காட்டியே இருக்க மாட்டேன்” என்று ஒருமுறை சொன்னாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளோ, நிஜமாகவே நினைத்தாளோ, நான் கேட்கவில்லை. வயிற்றில் அந்தக் கருத்த வடு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கத்தான் செய்தது.

எண்பத்தெட்டு ஏப்ரலில் வலை வைத்துத் தைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. இந்தத் தடவை காகிதத்தைச் சந்திரமதியை வைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி, சிலுவைராஜ் அதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் கழித்துக் கச்சையைக் கழற்றலாம் என்றார்கள். கழற்றிய மறுநாள் காலையில் தொலைபேசி மணி அடித்தது.

“அக்கா, இருமிப் பாத்தேன். ஒண்ணும் வரல. தட்டையா இருக்கு.”

“மாதாவுக்குத் தோத்திரம்” என்றேன்.

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. 

“அக்கா. முன்னாடின்னா அமுக்கிப் பாப்பேன். உள்ள போயிரும், கட்டி இல்லன்னு தெரிஞ்சிரும். இப்ப அமுக்க ஒண்ணும் இல்லியே. உள்ள என்ன இருக்குன்னு இப்ப நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

எனக்கு அதிகாரம் பண்ண வாய் வரவில்லை. காத்து, பச்சை வயிறு என்றெல்லாம் சொல்ல நாக்கு கூசியது.

“எனக்குத் தெரியாதுடி” என்றேன். “டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்.”

“தேதி என்னைக்குன்னு தெரியும்ல? வியாழக்கிழமை. நீங்களும் வருவீங்களா?”

“வர்றேன்.”

“அவங்க ஏதாவது பேர் சொன்னாங்கன்னா?”

“சொன்னா கேட்டுக்குவோம். ரெண்டு பேருமா கேட்டுக்குவோம்.”

வியாழக்கிழமை ஒன்பது மணி டோக்கனுக்கு எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அவள் பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். எழுந்து உள்ளே போனோம்.